ரோட்டைப் பார்த்த வாசல்

முதல் அநியாயம், உப்பளத் தொழிலாளர்களின் குடிசை வாசல் ரோட்டைப் பார்க்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தது. இரண்டாவது, ஏன் என்று கேட்டவர்களின் கூரைக்குத் தீ வைத்தது. மூன்றாவது, எரிந்த இடத்தில் வந்த அரசு வீடுகளையும் கடல் பக்கமே திருப்ப முயன்றது.

நான்காவதுக்கு உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் அந்தோணிமிக்கேல் இடம் கொடுக்கவில்லை. போராடிப் பதினோரு மாதம் சிறையில் இருந்தார். நாற்பது வீட்டு வாசலும் மேற்கே ரோட்டைப் பார்த்தன.

இப்போது அந்த வீடுகளை உப்பு அரித்துவிட்டது. புதிதாகக் கட்ட வேண்டும். வீடு கட்டும் விவரம் கற்றுக்கொள்ள, கட்டடக் கலை படித்த பிரகாசியிடம் அறுபத்தாறு வயதில் அவர் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு நாற்பது வயது.

புது வீடுகளுக்கு அவள் போட்ட வரைபடத்தைப் பார்த்ததும் அவரால் உட்கார முடியவில்லை.

"டீச்சர், வாசல் கடல் பக்கம் இருக்கு. ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை."

"காத்து கடல்லேருந்து வருது, அண்ணாச்சி. சாயங்கால வெயில் ரோட்டுப் பக்கம் அடிக்குது."

"ரோட்டுக்கு முதுகைக் காட்டச் சொல்லுதீங்களா? அவனுவளும் அதைத்தானே சொன்னானுவ! வீட்டுக்கு ரெண்டு ஃபேன் கேட்டுப் போராடுதேன்."

"ஃபேன் இருக்கிற சூட்டைத்தான் சுத்தும். கரண்டு போனா?"

"அதுக்கும் ஒரு போராட்டம்."

"சூரியன் பேச்சுவார்த்தைக்கு வருமா?"

அவர் பல்லைக் கடித்தார்.

நான்கு மணிக்கு அவள் அவரை அதே காலனியில் இருந்த அவர் மகள் ஸ்தெல்லாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

"மேற்குச் சுவர்ல முதுகைச் சாய்ங்க."

லத்தியடி வாங்கிய முதுகு. சாய்த்தார். பத்து எண்ணுவதற்குள் துள்ளி விலகினார்.

தரையில் இரண்டு மாதப் பேரப்பிள்ளை ஈரத்துணியில் கிடந்தது. அழக்கூட இல்லை.

ஸ்தெல்லா நிமிரவில்லை. "துணி காஞ்சிட்டுப்பா. இன்னொண்ணு நனைச்சுத் தாங்க."

நனைத்துக் கொடுத்தார்.

மாலையில் சங்கக் கூட்டம். தீர்மானத்தைக் காலனிக்காரர் ஒருவர்தான் முன்மொழியலாம்; அவர் பெயரைச் சபையில் உரக்க வாசித்த பிறகுதான் ஓட்டெடுப்பு. அது அவரே போட்ட விதி.

பிரகாசி ஒரு தாளை நீட்டினாள். தலைவர் என்ற முறையில் அவர் வாசித்தார்.

"நாற்பது வீட்டு வாசலையும் கடல் பக்கம் திருப்புவது."

கூட்டம் இரைந்தது.

அதற்குக் கீழே முன்மொழிபவர் பெயர் எழுதப்படவில்லை. அவர் அவளைப் பார்த்தார்.

"நான் இந்தக் காலனி இல்லையே, அண்ணாச்சி."

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "எந்தத் துரோகி இதை எழுதுனது? பேரை வாசிங்க தலைவரே!"

அவர் வெற்றிடத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு நாற்பது குடும்பத்துக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"அந்தோணிமிக்கேல்."