தளபதியின் நாலு ஒட்டு

வியாழனைச் சுற்றும் நிலவொன்றில் போர் மூண்டது. படைக்குத் தலைமை ஏற்கத் தளபதி விறல்மாறன் கெட்டிக்காரரா, வாள்வீராங்கனை ஆதிரை கெட்டிக்காரியா என்று அரசர் சபையில் கேட்டார்.

விறல்மாறன் மீசையை முறுக்கினார். "எங்கள் விண்ணுடுப்பில் கிழிசல் தைக்கும், இதோ நிற்கும் வடிவாம்பாளையே கேளுங்கள், அரசே! யார் உடுப்பில் எத்தனை வெட்டு விழுந்ததென்று அவளுக்குத் தெரியாதா?" பிறகு அவள் பக்கம் குனிந்து, "மாற்றிச் சொன்னால் உடுப்பில்லாமல் வெட்டவெளியில் தள்ளிவிடுவேன்" என்று முணுமுணுத்தார்.

வடிவாம்பாள் அசரவில்லை. "ஆதிரையம்மா உடுப்புல பதினொரு ஒட்டுப் போட்டிருக்கேன் மகாராஜா. எல்லாம் நெஞ்சுப் பக்கம். தளபதி உடுப்புல நாலே நாலுதான்."

"கேட்டீர்களா!" என்று தளபதி தொடையைத் தட்டினார்.

"ஒட்டெல்லாம் சிவப்புத் துணி, தூரத்துலேயே தெரியும். ஐயா உடுப்புக்கு மேல போட்டிருக்கிற அந்த நீள அங்கியைக் கழற்றிட்டு, சபை பார்க்க ஒரு தடவை திரும்பி நிக்கட்டும்."

"கழற்றும்" என்றார் அரசர்.

தளபதி அங்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக எதிரே நின்றவர்களுக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினார்.