பாலத்து மேல நின்ன எஞ்சினும் புதருக்குள்ள ஒளிஞ்ச போட்டோக்காரரும்

போர்வையைக் காலு வரைக்கும் இழுத்துக்கிட்டியா? சரி. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கதையை நிறுத்திடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு போட்டோக்காரர் இருந்தாரு. மலை அடிவாரத்து ஊரு. அவர் பேரு தணிகாசலம். கடைத்தெருவுல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருந்தாரு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் எடுப்பாரு. "தலையைக் கொஞ்சம் சாய்ங்க, இன்னும் கொஞ்சம், போதும், இப்ப சிரிங்க"ன்னு ஊரு சனத்துக்கே சொல்லிச் சொல்லி, கடையில வெங்காயம் வாங்கறப்பகூட அவரு தலையைச் சாய்ச்சுக்கிட்டுத்தான் வெலை கேப்பாரு.

ம் கொட்டு. ஆங்.

அந்த ஊர்லேருந்து மலை மேல ஒரு ரயில் போகும். பழைய காலத்து நீராவி ரயில். கரி போட்டு, தண்ணி கொதிக்க வச்சு, குப்பு குப்பு குப்புன்னு பொகை விட்டுக்கிட்டுப் போகும். மலை ஏறறப்போ எஞ்சின் முன்னாடி இருந்து இழுக்காது. பின்னாடி இருந்து முட்டித் தள்ளும், நீ உன் தம்பியைக் குளிக்கத் தள்ளிக்கிட்டுப் போவியே, அது மாதிரி. மொதல்ல பெட்டியெல்லாம் போகும், கடைசியாத்தான் எஞ்சின் வரும்.

நம்ம தணிகாசலத்துக்கு அந்த எஞ்சின் மேல உசுரு. ஞாயித்துக்கெழம ஆனா கடையைப் பூட்டிட்டு, கேமராவும் குடையும் எடுத்துக்கிட்டு மலைப்பாதையில நடந்து போயிடுவாரு. மலைக்கு நடுவுல ஒரு கல் பாலம். கீழ பள்ளம், பள்ளத்துல ஓடை. பாலத்துக்கு எதுத்தாப்புல பள்ளத்து ஓரமா ஒரு பாறை. அந்தப் பாறையில உக்காந்து ரயிலைப் படம் எடுப்பாரு. வருஷக்கணக்கா இதான் வேலை.

அப்போ பட்டணத்துலேருந்து காலண்டர் போடறவரு ஒருத்தர் வந்தாரு. "பழைய எஞ்சின் படம் ஒண்ணு வேணும். உங்க படம் நல்லா இருந்தா உங்க பேரையும் கீழ போட்டு, வீட்டுக்கு வீடு மாட்டற மாதிரி அடிப்பேன். ஆனா ஒண்ணு, எஞ்சின் மட்டும்தான் இருக்கணும். ஆளு இருக்கக் கூடாது"ன்னுட்டாரு. மழை தொடங்கறதுக்குள்ள குடுக்கணும்னும் சொல்லிட்டாரு.

தணிகாசலத்துக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. காதுகுத்துல அழற கொழந்தையையே எடுத்துக்கிட்டிருந்த மனுஷன் இல்லையா? அவரு பேரு எல்லார் வீட்டுச் செவுத்துலயும் தொங்கப் போகுது. சம்சாரம் கோமளவல்லி, "மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் தொங்கலாம்"னாங்க.

மொத ஞாயித்துக்கெழம போனாரு. வெயில் நல்லா விழுந்துச்சு. குப்பு குப்பு குப்பு. பெட்டியெல்லாம் போச்சு. எஞ்சின் பாலத்துல ஏறுச்சு. இவரு கண்ணை கேமராவுல வச்சாரு. அப்போ எஞ்சின் ஜன்னல்லேருந்து ஒரு தலை, ஒரு தோளு, ஒரு கை, கையில சிவப்புத் துண்டு.

எஞ்சின் ஓட்டற மரியசூசை. அவரு நல்ல மனுஷன். வருஷக்கணக்கா அந்தப் பாறையில தணிகாசலத்தைப் பாத்துப் பாத்துப் பழக்கம். தூரத்துலயே கண்டுட்டா சந்தோசம் தாங்காது. பாதி ஒடம்பை வெளிய விட்டு, துண்டை விசிறி விசிறி ஆட்டுவாரு. கூவ்வ்வ்னு விசில் வேற.

படத்துல எஞ்சினை விடத் துண்டுதான் பெருசா விழுந்துச்சு.

தணிகாசலம் ஸ்டேஷனுக்குப் போயி, தலையைச் சாய்ச்சுக்கிட்டு, "சூசையண்ணே, ஒரு ஒதவி. காலண்டருக்குப் படம் எடுக்கறேன். அடுத்த வாரம் மட்டும் துண்டை ஆட்டாதீங்க"ன்னாரு.

"காலண்டருக்கா?" மரியசூசை கண்ணு விரிஞ்சுச்சு. "சொல்லிட்டீங்கல்ல, பாத்துக்கறேன் போட்டோ சார்."

என்ன பாத்துக்கிட்டாரு தெரியுமா?

அடுத்த ஞாயித்துக்கெழம குப்பு குப்புன்னு ரயில் வந்துச்சு. துண்டு இல்ல. ஆனா ஜன்னல்ல மரியசூசை, பளபளன்னு புதுச் சட்டையில. தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரி, மூஞ்சி பூரா பவுடர் அப்பி, தலையைக் கொஞ்சமாச் சாய்ச்சு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி மூச்சைப் புடிச்சுக்கிட்டு, கேமராவையே பாத்துக்கிட்டுப் போறாரு. பக்கத்துல கரி அள்ளிப் போடறவரு சிரிப்பை அடக்க முடியாம கரி அள்ளற மண்வெட்டிப் பிடியை வாயில வச்சுக் கடிக்கறாரு.

கரி எஞ்சின்ல வெள்ள மூஞ்சி. தணிகாசலம் பாறையிலேயே தலையில கை வச்சு உக்காந்துட்டாரு.

சாயங்காலம் மரியசூசையே கடைக்கு வந்துட்டாரு. "அசையவே இல்ல பாத்தீங்களா? இருமல் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். வீட்டுலயும் சொல்லிட்டேன், காலண்டர்ல வரப்போறேன்னு."

தணிகாசலம் கேமராவைத் தொடச்சுக்கிட்டே யோசிச்சாரு. உங்க மூஞ்சி வேண்டாம்ணே, அப்படின்னு எப்பிடிச் சொல்றது? அவரு சாதாரணமாவே "பாஸ்போர்ட் போட்டோ நாளைக்குத்தான் கெடைக்கும்"னு சொல்லவே சங்கடப்படற ஆளு. கடைசில, "என்னால இனிமே முடியாது போலிருக்குண்ணே"ன்னு மட்டும் பெருமூச்சு விட்டாரு.

மரியசூசை அதைக் கேட்டு, ஒண்ணும் புரியாம, கவலையோட போனாரு.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

மூணாவது ஞாயித்துக்கெழம. மேகம் கூடிக்கிட்டு வருது. இன்னிக்கு விட்டா மழை வந்துரும். தணிகாசலம் ஒரு யோசனை பண்ணாரு. "என்னைப் பாத்தாத்தானே தலையை நீட்டுவாரு? நான் ஒளிஞ்சுக்கறேன்." பாறைக்குப் பக்கத்துல உண்ணிப்பூப் புதர். சத்தம் வராம இருக்கச் செருப்பைக் கழட்டிப் பாறை மேல வச்சாரு. குடையையும் பக்கத்துல வச்சாரு. கேமராவோட புதருக்குள்ள சரசரசரன்னு நொழஞ்சு உக்காந்துக்கிட்டாரு. முள்ளு குத்துச்சு. எறும்பு ஏறுச்சு. சுருக்குன்னு ஒண்ணு கடிச்சுது. அசையல.

குப்பு குப்பு குப்பு. பெட்டியெல்லாம் பாலத்தைத் தாண்டிருச்சு. எஞ்சின் பாலத்துக்கு நடுவுல வந்துச்சு. வழக்கம்போல மரியசூசை பாறையைப் பாத்தாரு.

ஆளைக் காணோம். பள்ளத்து ஓரத்துல ஒரு ஜோடி செருப்பு. பக்கத்துல ஒரு குடை.

"முடியாது போலிருக்கு"ன்னு பெருமூச்சு விட்டாரே மனுஷன், அது மரியசூசைக்கு ஞாபகம் வந்துச்சு.

கீஈஈச்ச். புஸ்ஸ்ஸ்ஸ். ரயில் நின்னுருச்சு.

கரி போடறவரை பிரேக்கைப் பாத்துக்கச் சொல்லிட்டு மரியசூசை எறங்கி ஓடி வந்தாரு. பெட்டியிலேருந்து சனங்களும் எறங்குச்சு. பாறையைச் சுத்திக் கூட்டம்.

"என்னங்க ஆச்சு?"

"யாரோ குதிச்சுட்டாங்களாம்."

"பாவம், சம்சாரம் வீட்டை விட்டு வெரட்டிட்டாளாம்."

"காதல் தோல்வின்னு அந்தப் பெட்டியில பேசிக்கிட்டாங்களே."

"இந்தச் செருப்பைப் பாத்தா காதலிக்கற வயசு ஆளு மாதிரி தெரியலையே."

ஒரு பெரியம்மா, ஆளு யாருன்னே தெரியாது, முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "எப்பேர்ப்பட்ட மனுஷனோ"ன்னு அழுதாங்க.

புதருக்குள்ள தணிகாசலம் தன் கதையைத் தானே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எந்திரிக்கவும் வெக்கம், உக்காரவும் எறும்பு. அப்போ கேமரா வழியா ஒரு தடவ பாத்தாரு.

ஆகா. பாலத்து மேல எஞ்சின் தன்னந்தனியா நிக்குது. கரி போடறவரு பிரேக்குப் பக்கம் உள்ள குனிஞ்சிருக்காரு, தெரியல. மேகத்துக்கு நடுவுல ஒரு துண்டு வெயிலு எஞ்சின் மேல மட்டும் விழுது. புகைபோக்கியிலேருந்து வெள்ளைப் புகை மெதுவா மேல போகுது. ஆளே இல்ல. காலண்டர்காரரு கேட்ட படம் அப்பிடியே நிக்குது.

வெரலை பொத்தான்ல வச்சாரு. ஒரே ஒரு கிளிக், அப்புறம் எந்திரிச்சுக்கலாம்.

"போட்டோ சார்... போட்டோ சார்..."

மரியசூசை பள்ளத்துல எறங்கிக்கிட்டிருக்காரு. பாசி புடிச்ச பாறை. பூட்ஸ் வழுக்குது. கொரலு ஒடஞ்சு ஒடஞ்சு வருது. "எதுன்னாலும் பேசிக்கலாம் சார், எங்க இருக்கீங்க?"

வெரலு பொத்தான்லயே நிக்குது. வெயிலும் நிக்குது.

அப்போ சர்ர்ருன்னு ஒரு சத்தம். மரியசூசை காலு வழுக்கி, ஒரு வேரைப் புடிச்சுத் தொங்கறாரு.

தணிகாசலம் கேமராவை விட்டாரு, புதருன்னு பாக்கல முள்ளுன்னு பாக்கல, பிச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. கூட்டம் அலறிப் பின்வாங்குச்சு. அழுத பெரியம்மா, "பேயி"ன்னு கீழ உக்காந்துட்டாங்க. இவரு குடையை எடுத்து, வளைஞ்ச பிடியைக் கீழ நீட்டி, "புடிங்கண்ணே, புடிங்க"ன்னாரு. நாலு பேரு இவரு இடுப்பைப் புடிக்க, ஏலேலோன்னு இழுத்து மரியசூசையை மேல கொண்டாந்தாங்க.

மரியசூசை மூஞ்சியெல்லாம் சேறு. மூச்சு வாங்கிக்கிட்டே தணிகாசலத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. ஆளு முழுசா இருக்காரு. தலையில உண்ணிப்பூ.

"எங்க சார் இருந்தீங்க?"

"புதருக்குள்ள."

"ஏன்?"

தணிகாசலத்துக்குப் பொய் சொல்ல வரல. "காலண்டர்காரரு ஆளு இல்லாத எஞ்சின்தான் கேட்டாருண்ணே. என்னைப் பாத்தா நீங்க தலையை நீட்டுவீங்க. அதான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

மரியசூசை மெதுவாத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "சொல்லியிருக்கலாமே சார்"னு மட்டும் சொன்னாரு. அப்புறம் பாலத்துல நடந்து போயி எஞ்சின்ல ஏறி, தரையில குந்திக்கிட்டு, உள்ளேருந்து சொன்னாரு: "நான் குனிஞ்சுக்கிட்டேன். எடுத்துக்கோங்க."

தணிகாசலம் கேமராவைத் தேடி எடுத்தாரு. ஒடையல. கண்ணை வச்சாரு. எஞ்சின் இருக்கு. வெயிலும் இருக்கு. ஜன்னல் மட்டும் பொக்கை வாய் மாதிரி ஓன்னு தொறந்து கெடக்கு. அவருக்குப் பாக்கவே புடிக்கல.

"சூசையண்ணே, தலையைக் காட்டுங்க."

"வேண்டாம் சார்."

"காட்டுங்கண்ணே. நான் காலண்டருக்கு எடுக்கல."

"பவுடர் போடல."

"சேறு இருக்கே, போதும்."

கொடி புடிக்கற கார்டு கடியாரத்தைப் பாத்தாரு. "சமாதானம் ஆறதுன்னா சீக்கிரம் ஆவுங்கப்பா. மேல ஸ்டேஷன்ல வடை சுட்டு வச்சுட்டு ஒக்காந்திருப்பாங்க"ன்னாரு.

அப்போ ஜன்னல்ல மொதல்ல ஒரு நெத்தி வந்துச்சு. அப்புறம் சேத்து மூக்கு. அப்புறம், கோவமா இருக்கணும்னு நெனச்சு, முடியாம, ஒரு ஓரமா ஒரு சிரிப்பு.

கிளிக்.

அந்தப் படம் காலண்டர்ல வந்துச்சான்னு கேக்கறியா? வரல. காலண்டர்காரரு, "எஞ்சின் பிரமாதம், இந்தச் சேத்து ஆளை வெட்டிரலாமா?"ன்னு கேட்டாரு. தணிகாசலம் மொத மொதலா ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா "முடியாது"ன்னாரு. அந்த வருஷக் காலண்டர்ல வேற ஏதோ நீர்வீழ்ச்சி வந்துச்சு. அது கெடக்கட்டும்.

படம் எடுத்த அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மழை வந்துருச்சு. சடசடசடன்னு. தணிகாசலம் பாறையில செருப்பைத் தேடிக்கிட்டிருந்தாரு. மரியசூசை, "என்ன சார் நிக்கறீங்க, ஏறுங்க"ன்னாரு.

"நானா?"

"இந்த ரயில்ல எப்ப சார் கடைசியாப் போனீங்க?"

தணிகாசலம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தாரு. போனதே இல்ல. அத்தன வருஷமா வெளிய நின்னு பாத்ததோட சரி.

கார்டு கடைசிப் பெட்டியில, எஞ்சினுக்கு ஒட்டினாப்புல, ஜன்னலோரமா எடம் விட்டாரு. அழுத பெரியம்மா, "இனிமே இப்பிடிப் பண்ணாதீங்க"ன்னு ஒரு முறுக்கு குடுத்தாங்க. ரயில் கெளம்புச்சு. குப்பு... குப்பு... குப்பு... வெளிய மழை. உள்ள எஞ்சின் சூடு எதமா முதுகுக்கு வருது. பெட்டி தொட்டில் மாதிரி ஆடுது. பாதி முறுக்கு கையில இருக்கறப்பவே தணிகாசலத்துக்குக் கண்ணு சொக்கிருச்சு. தலை தானாச் சாஞ்சுருச்சு.

முன்னாடி மலைக் குகை வந்துச்சு. குகைக்குள்ள போறதுக்கு முன்ன விசில் அடிச்சே ஆகணும், அது சட்டம். மரியசூசை எட்டிப் பாத்தாரு. போட்டோ சார் வாயைத் தொறந்து தூங்கறாரு. ஒரு நிமிஷம் யோசிச்சாரு. அப்புறம் விசில் கயித்தை ரெண்டு வெரலால மட்டும் புடிச்சு, மெதுவா, மெதுவா இழுத்தாரு.

கூ...ன்னு, பூனைக்குட்டி கொட்டாவி விடற மாதிரி ஒரு சத்தம்.

ரயிலு குகைக்குள்ள போயிருச்சு. இருட்டாயிருச்சு. ம்? ...ம் வரல. சரி, கதையும் குகைக்குள்ள போயிருச்சு கண்ணு, நீயும் தூங்கு.