நெருப்பு அணையாத மாளிகை

மேகங்கள் இறங்கி வந்து தங்கும் ஒரு மலைக்காட்டில், பெருமை பிடித்த தாய்க்கரடி ஒன்று தன் குட்டியுடன் வாழ்ந்து வந்தது. அது இருந்த குகை அதற்குப் பிடிக்கவே இல்லை.

"யார் வந்தாலும் குனிந்து நுழைய வேண்டியிருக்கிறது. மலை உச்சியில் ஒரு மாளிகை கட்டப் போகிறேன்" என்றது.

அப்படியே கட்டவும் தொடங்கியது. யானைகூட நிமிர்ந்து நுழையும் அளவுக்கு உயரமான கூரை. வாடைக்காற்று வீசும் வடக்குப் பக்கம் பார்த்து அகலமான வாசல். அங்கே நின்றால் காடு முழுவதும் தெரியும்.

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் முள்ளம்பன்றி அதைப் பார்க்க வந்தது.

"கரடியக்கா, வாசலைத் தெற்கே திருப்பி வையுங்கள். கூரையையும் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் பனிக்காலத்தில் உள்ளே இருக்க முடியாது" என்றது.

"குளிர்ந்தால் நெருப்பு மூட்டிக்கொள்வேன். காட்டில் விறகுக்கா பஞ்சம்?"

"நாள் முழுவதும் எரித்தால் அந்தப் புகை என்ன ஆகும்?"

"வானத்துக்குப் போகும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கரடி சிரித்தது.

பனிக்காலம் வந்தது. வாடைக்காற்று நேராக மாளிகைக்குள் புகுந்தது. நெருப்பின் சூடெல்லாம் உயரக் கூரைக்குப் போய்விட்டது. ஒரு கட்டை எரித்த இடத்தில் கரடி பத்துக் கட்டைகளைப் போட்டது. நெருப்பு ஓயாமல் எரிந்தது. ஆனால் புகை வானத்துக்குப் போகவில்லை. பனியோடு சேர்ந்து கீழே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கி நின்றது.

அந்தப் பள்ளத்தாக்கில், ஒரு மரப்பொந்துக்குள் பெண் இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. பாம்புக்குப் பயந்து பொந்தின் வாயை மண்ணால் பூசி, அலகு நுழையும் இடைவெளி மட்டும் விட்டிருந்தது. ஆண் இருவாச்சிதான் பழம் கொண்டுவந்து ஊட்டும்.

ஒருநாள் அந்த ஆண் பறவை கரடியிடம் பறந்து வந்தது. அதன் கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

"அக்கா, புகையில் என் மரம் எதென்றே தெரியவில்லை. நேற்றெல்லாம் தேடினேன். பொந்துக்குள்ளும் புகை போயிருக்கும். அவளால் சட்டென்று வெளியே வர முடியாது. தயவுசெய்து நெருப்பை அணையுங்கள்."

"இன்றைக்குப் பனி அதிகம். நாளைக்குப் பார்க்கலாம்" என்றது கரடி.

மறுநாள் காற்று திரும்பி, புகை விலகியது. ஆண் இருவாச்சி தன் மரத்தைக் கண்டுபிடித்து, அத்திப்பழத்தை இடைவெளியில் நீட்டியது. வாங்கிக்கொள்ள அலகு எதுவும் வரவில்லை. தாயும் குஞ்சும் மூச்சு முட்டி இறந்திருந்தன. அது தெரிந்தும், பொழுது சாயும்வரை அது பழத்தை நீட்டிக்கொண்டே இருந்தது.

செய்தி கேட்டுக் கரடி பதறிப்போனது. மண்ணை வாரி வாரிப் போட்டு நெருப்பை அணைத்தது.

கொஞ்ச நேரத்தில் குட்டி நடுங்கத் தொடங்கியது. "குளிர்கிறதம்மா" என்றது. கரடி அதை இறுக அணைத்துக்கொண்டது. நடுக்கம் நிற்கவில்லை.

கரடி முள்ளம்பன்றியிடம் ஓடியது. "தம்பி, இப்போதே கூரையை இறக்கி, வாசலை மாற்றிவிடலாமா?"

"இந்தப் பனியில் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது அக்கா. குட்டியோடு பழைய குகைக்குப் போய்விடுங்களேன்."

"குகை ஏது? அதை இடித்துத்தானே இந்தச் சுவர்களை எழுப்பினேன்!"



கரடி திரும்பி வந்தது. அழுதுகொண்டே சாம்பலைக் கிளறி, மிச்சமிருந்த கங்கை ஊதியது. கட்டை பற்றிக்கொண்டது. புகை மெல்லப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கியது.

நீதி: கட்டும் நாளில் யோசிக்காத வீடு, குடியிருக்கும் நாளெல்லாம் பிறர் உயிரை வாங்கும்.