கை காட்டினால் நிற்கும்

பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டு மரகதம் டீச்சர் கேட்டார்.

“பின்னால வர்ற பஸ்ஸுக்கு நான் இருக்கறது தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லு முதல்ல.”

ஜமீலா ஓரத்து மணலில் சாய்ந்து கிடந்த டீச்சரின் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். ஹேண்டில்பார் கோணியிருந்தது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அதை நேராக்கினாள்.

“கேட்டேனே.”

“கேட்டுச்சுங்க டீச்சர்.”

சற்று முன்புதான் பதினொன்றாம் நம்பர் டவுன் பஸ் அவர்களைக் கடந்து போயிருந்தது. பின்னால் ஹாரன் கேட்டதும் டீச்சர் ஓரம் போனார். மறுபடி கேட்டதும் இன்னும் ஓரம் போனார். ஓரத்தில் மணல் இருந்தது. சக்கரம் அதில் புதைந்தது. அவர் இறங்கிய விதத்தை விழுந்தது என்றும் சொல்லலாம். பஸ்ஸிலிருந்து யாரோ, “ஓரமாப் போம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“இதுக்கு மேல ஓரம்னா ஆத்துக்குள்ளதான் போகணும்” என்றார் டீச்சர்.

ஒரு காலத்தில் மரகதம் டீச்சர் கேள்வி கேட்பார், இரண்டாம் பெஞ்சிலிருந்து ஜமீலா எழுந்து நிற்பாள். இப்போது அவர் அக்கரையில் இருக்கும் அதே பள்ளியின் தலைமை ஆசிரியை. அதே அக்கரையில் ஒரு மருத்துவமனையில் ஜமீலா ரத்தப் பரிசோதனை செய்கிறாள். தினமும் சைக்கிளில்தான் பாலத்தைக் கடக்கிறாள். சைக்கிள் பாடம் தொடங்கிய முதல் நாளே டீச்சர் சொல்லிவிட்டார்: “இங்க நீதான் குரு, நான் சிஷ்யை. தப்புப் பண்ணினா காதைத் திருகு.” ஜமீலாவுக்கு அந்த தைரியம் இன்னும் வரவில்லை.

எல்லாம் பெற்றோர் கூட்டத்தில் ஆரம்பித்தது.

பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு அரசாங்க சைக்கிள் வந்திருந்தது. இக்கரையில் இருந்து வரும் பெண்களின் சைக்கிள்கள் மட்டும் பள்ளிக் கொட்டகையைவிட்டு நகரவில்லை. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை. சாவிகள் தலைமை ஆசிரியை அறையில் ஆணியில் தொங்கின. அந்தப் பெண்களோ காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். கூட்டம் ஏறிவிட்டால் பஸ் நிற்காது. முதல் பாடவேளை போகும். சில நாள் பள்ளியே போகும். இரண்டு பெண்கள் வருவதையே விட்டுவிட்டார்கள்.

“அந்தப் பாலத்துல பொம்பளப் புள்ளைய சைக்கிள்ல விடறதுங்களா?” என்று எழுந்தார் செந்தாமரையின் அப்பா ராக்கியண்ணன். “நீங்களே ஆட்டோவுலதானுங்க வர்றீங்க.”

கூட்டம் சிரித்தது. டீச்சருக்குச் சுருக்கென்றது.

“ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுநாள் நான் சைக்கிள்ல வர்றேன். வந்தா பொண்ணுங்களை விடுவீங்களா?”

“வாங்க, பார்க்கலாமுங்க.”

ஆட்டோவில் வீடு திரும்பும்போதுதான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இப்போது ஓட்டத் தெரியும். ஆனால் ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டது. பாலமும் பஸ்ஸும் அப்படியே இருந்தன.

“தோத்துட்டேன்னு ராக்கியண்ணன்கிட்டச் சொல்லிடறேன்” என்றார் டீச்சர்.

“சொல்லலாமுங்க. அதுக்கு முன்னால பஸ்ல ஒரு தடவை போயிட்டு வரலாம்.”

“எதுக்கு?”

“என்னைக் கேட்டீங்கள்ல, பஸ்ஸுக்குத் தெரியுமான்னு. பஸ்ஸையே கேட்டுடலாம்.”

சைக்கிள்களைப் பாலத்தடி டீக்கடையில் பூட்டிவிட்டு, இருவரும் பதினொன்றாம் நம்பரில் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடிக்கு அருகே இருந்த நீள சீட்டில் ஜமீலா டீச்சரை உட்கார வைத்தாள்.

“துரைராசண்ணா, டீச்சர் இங்க உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கணுமாம்.”

“பார்க்கட்டும். டிக்கெட் மட்டும் எடுத்துக்குங்க” என்றார் துரைராசு.

பஸ் பாலத்தில் ஏறியது. முன்னால் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. துரைராசு ஹாரன் அடித்தார். முதுகு ஒரு குலுங்கு குலுங்கி ஓரத்துக்குப் போனது. மறுபடி அடித்தார். இன்னும் ஓரம் போனது. மணல் வந்ததும் சட்டென்று வெட்டிக்கொண்டு ரோட்டுக்கே வந்தது. துரைராசு பிரேக்கை மிதித்தார். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஓரமாப் போனா என்ன இந்த மனுசனுக்கு?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜமீலா ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள்.

அடுத்து ஓர் அம்மா. கேரியரில் கீரைக்கட்டு. ஓரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி, கோடு கிழித்தாற்போல் நேராகப் போனார். பாலம் குறுகும் இடத்துக்கு முன்னால் தலையைத் திருப்பிப் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மறுபடி முன்னால் பார்த்து மிதித்தார்.

துரைராசு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பாலம் முடியும்வரை பஸ் கீரைக்கட்டின் பின்னாலேயே போனது. அகலமான இடம் வந்ததும் நன்றாக விலகிக் கடந்தது. ஹாரன் சத்தமே இல்லை.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. “அந்தம்மாவுக்கு மட்டும் ஏனுங்க ஹாரன் அடிக்கலை?”

“திரும்பிப் பார்த்துச்சுங்களே.”

“பார்த்தா?”

துரைராசு கொஞ்சம் யோசித்தார். “அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா மூஞ்சியப் பார்த்துட்டா ஒரு மாதிரி ஆயிடுது. சரி, பின்னாலயே போலாம்னு தோணுது. முதுகைப் பார்த்தா அடிக்கத்தான் தோணுது.”

“எதை?”

“ஹாரனைத்தானுங்க.”

நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள் இடப்பக்கமாக, பஸ்ஸுக்கும் நடைமேடைக்கும் நடுவில் நுழைந்தது. “ஏப்பா, ஏப்பா” என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். சைக்கிள் முன்னால் வந்து வெளிப்பட்ட பிறகுதான் துரைராசு அதைப் பார்த்தார்.

“அந்த இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழ யார் வந்தாலும் எனக்குத் தெரியாதுங்க டீச்சர். மகராசன், இன்னைக்கு நல்ல நேரம்.”

டீச்சர் ஜமீலாவின் காதருகே சொன்னார். “நான் எப்பவும் அந்தப் பக்கமாத்தானே போறேன்.”

“தெரியுமுங்க டீச்சர்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“சொன்னேனுங்க. ஏன், எதுக்குன்னு கேட்டீங்க. பதில் சொல்றதுக்குள்ள பாலம் வந்திருச்சு.”

மறுநாளிலிருந்து மாலையில் பள்ளி மைதானத்தில் புதுப் பாடம். டீச்சர் சைக்கிளில் போவார். பின்னால் நின்று ஜமீலா கையைத் தூக்கிக் காட்டுவாள்.

“எத்தனை விரல் டீச்சர்?”

டீச்சர் திரும்பிப் பார்த்து, “மூணு” என்பார். விடை சரியாக இருக்கும். சைக்கிள் வாலிபால் கம்பத்தில் போய் நிற்கும்.

நாளாக ஆக, விடையும் சரியாக இருந்தது, சைக்கிளும் நேராகப் போனது.

“சரி, வலது பக்கம் திரும்பணும்னா கையை எப்ப நீட்டணும்?” என்று டீச்சர் கேட்டார்.

“பின்னால வர்றவங்க மூஞ்சியப் பார்த்த அப்புறம்.”

“பார்க்கறதுக்கு முன்னாலயே நீட்டிட்டா?”

“அது வேண்டுதலுங்க டீச்சர்.”

ஆடிப்பெருக்கு வந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர், கரையெல்லாம் பூவும் மஞ்சளும். மறுநாள் காலை மரகதம் டீச்சர் சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். கூட வரட்டுமா என்று ஜமீலா கேட்கவில்லை. அதில் டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அன்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது ஜமீலா பாலத்தின் நடுவில் டீச்சரைப் பார்த்தாள். முன்பு விழுந்த அதே இடத்தில், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரோரமாக ஆற்றைப் பார்த்து நின்றிருந்தார்.

ஜமீலா இறங்கினாள். “விழுந்துட்டீங்களா டீச்சர்?”

“விழுந்திருந்தாக்கூடப் பரவாயில்லை. மானம் போச்சு.”

“என்னங்க ஆச்சு?”

“பாலத்துல ஒண்ணும் ஆகலை. ரெண்டு முழம் தள்ளித்தான் வந்தேன். ஒரு லாரிக்காரன் பின்னாலயே பொறுமையா வந்தான். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“பள்ளிக்கூடத்துக்கு வலது பக்கம் திரும்பணும். எதிர்ல பேக்கரி. ராக்கியண்ணன் நாலு பேரைக் கூட்டிவச்சுக்கிட்டு டீ குடிச்சுட்டு இருக்கார், என்னைப் பார்க்கறதுக்குன்னே. நான் திரும்பிப் பார்த்தேன். பதினொன்னாம் நம்பர். நம்ம துரைராசு இல்லை, வேற யாரோ மீசைக்காரர். படியில எல்லாம் ஆள் தொங்குது. அவர் மூஞ்சியப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நீ சொன்ன மாதிரியே கையை நீட்டினேன்.”

“சரிங்க.”

“பஸ் நின்னுருச்சு.”

ஜமீலா உதட்டைக் கடித்தாள்.

“நடு ரோட்டுல, அப்படியே. கண்டக்டர் எட்டிப் பார்த்து, ‘எங்க ஏறுவீங்க, படியிலயே இடமில்லை. சைக்கிளை யார் தலையில வைக்கறது?’ங்கறார். நான் ஏறலை, திரும்பறேங்கறேன். ‘அப்புறம் எதுக்குக் கை காட்டினீங்க’ங்கறார். திரும்பறதுக்குத்தான் காட்டினேங்கறேன். ‘கை காட்டினா ஏறறதுக்குன்னுதானுங்க எங்களுக்குத் தெரியும்’ங்கறார். டிரைவர் அவரைத் திட்டறார்: ‘அந்தம்மா திரும்பிப் பார்த்துக் கை காட்டுது, நிக்காம என்னய்யா பண்றது?’ பின்னால ஒரு டெம்போ நிக்குது, ரெண்டு கார் நிக்குது. பஸ் நிக்குதேன்னு எதிர்ல வந்த லாரியும் நிக்குது. பஸ்ஸு முழுக்கச் சிரிப்பு. நான் பாட்டுக்கு நடுவுல திரும்பி உள்ள போறேன், ஏதோ மந்திரி போற மாதிரி.”

ஜமீலாவால் அதற்கு மேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

“சிரி. ராக்கியண்ணனும் இப்படித்தான் சிரிச்சார். ‘எம்பொண்ணு நிறுத்தத்துல நின்னு கை காட்டினா நிக்காத பஸ்ஸு, டீச்சருக்கு நடு ரோட்டுல நிக்குது பாரு’ன்னு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்றார். டீ கிளாஸைக்கூடக் கீழ வச்சுட்டார், சிந்திரும்னு.”

ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரின் முகத்தில் இன்னும் ஏதோ பாக்கி இருந்தது.

“அதோட விட்டாரா? மத்தியானம் என் ரூமுக்கே வந்துட்டார். அப்பவும் சிரிப்பு அடங்கலை. இன்னும் என்ன சொல்லப்போறாரோன்னு நான் உட்கார்ந்திருக்கேன். ‘செந்தாமரை சைக்கிள் சாவியக் குடுங்க டீச்சர்’ங்கறார். ஆணியிலிருந்து எடுத்துக் குடுத்தேன். அவர் போய்க் கொட்டகையில அந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்கற சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுது. அப்புறம் இன்னொருத்தர் வந்தார். சாயங்காலம் மணி அடிக்கறப்ப ஆணியில பாதிச் சாவி இல்லை.”

“நல்லதுதானுங்க டீச்சர்.”

“நல்லதுதான். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை, ஜமீலா. நான் ஒழுங்கா ஓட்டிக் காட்டியிருந்தா அவங்க நம்பறதுல அர்த்தம் இருக்கு. நான் பண்ணினது முழுக்கக் கோமாளித்தனம். வயிறு வலிக்கச் சிரிச்ச மனுசன், பெத்த பொண்ணோட சாவியை எந்த நம்பிக்கையில கேட்டார்?”

ஜமீலா எழுந்தாள். உடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். டீச்சரின் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரை அவர் கையில் கொடுத்தாள்.

“டீச்சர், பஸ் நின்னுச்சுங்களா, இல்லீங்களா?”

மரகதம் டீச்சர் சைக்கிளில் ஏறுவதற்கு முன், தலையைத் திருப்பிப் பின்னால் பாலத்தில் என்ன வருகிறது என்று பார்த்தார்.