சக்கரத்துக்கு முன்னால் ஒரு கை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையில் ஒரு சக்கரம் வருது. அது உருளுற சத்தம் உங்க அடிவயிற்றில் கேட்கணும்.

"ஐயா, பதினாறு பக்கம் எழுதிட்டேன். ஒரு பக்கம்கூட நிற்க மாட்டேங்குது" என்றார் ஆவுடையப்பன்.

மாடக்கண்ணு தலை நிமிரவில்லை. தேருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முட்டுக்கட்டைக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. பொழில்நல்லூர் பேரூராட்சிக்குச் செயல் அலுவலர்; ஊர் வாயில் ஈ.ஓ. அவர் கையெழுத்து இல்லாமல் ஊரில் ஒரு குழாய் திறக்காது.

மாடக்கண்ணுவுக்கு முப்பத்துநாலு. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, தேரைத் திருப்புகிறவன். நிறுத்துகிறவனும் அவன்தான். வலது கையில் நாலு விரல்.

போன வருஷம் அவன் வேலை செய்ததைப் பார்த்துவிட்டு, ஈ.ஓ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் காலைத் தொட்டுவிட்டார். அன்றிலிருந்து அவனை ஐயா என்றுதான் கூப்பிடுகிறார். அவன் அவரை சார் என்கிறான். ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"என்னத்தப் பத்தி சார், பதினாறு பக்கம்?"

"பேட்டரி வண்டி, ஐயா."

நின்றுகொண்டே ஓட்டுவார்களே, அந்த ஒல்லி வண்டி. கோயில் பார்க்க வருகிறவர்கள் கிழக்கு வாசலில் வாடகைக்கு எடுப்பார்கள். நாலு தேர்வீதியிலும் பறப்பார்கள். சத்தமே இருக்காது. தோளை உரசிக்கொண்டு போன பிறகுதான், வந்ததே தெரியும். மாசி மாதம் ஒருத்தன், சுண்டல் விற்கிற கோலப்பனின் இடுப்பை உடைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ஊரே ஈ.ஓ. ஆபீசில் வந்து நின்றது.

"அதான் தடை போட்டேன். கரண்டில் ஓடுற எதுவும் தேர்வீதியில் கூடாது. இன்னைக்குக் காலையில் எட்டு மணியிலிருந்து அமல்."

"பிறகென்ன, முடிஞ்சுதுல்லா?"

"எங்கே முடிஞ்சுது? நேத்து சுடலைவடிவு வந்தா."

மேலவீதிச் சந்தில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறவள் சுடலைவடிவு. பிறந்ததிலிருந்து இரண்டு காலும் விளங்காது. கையை ஊன்றித் தரையில் நகர்ந்தே வளர்ந்தவள். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அவளுக்கு ஒரு பேட்டரி நாற்காலி கிடைத்தது.

"என்ன சொன்னா?"

"'எங்க வீட்டுக்கும் தேர்வீதிக்கும் அம்பது அடி சார். முப்பது வருஷமா தேரைக் காதாலதான் பார்த்திருக்கேன். இந்த வருஷம் கண்ணால பார்ப்பேன்னு இருந்தேன். என் நாற்காலியும் கரண்டுலதானே ஓடுது?'ன்னு கேட்டா."

"யாராவது தூக்கிட்டு வரலாமேன்னு சொன்னீங்களாக்கும்?"

ஆவுடையப்பன் முகம் சுருங்கியது. "சொன்னேன். 'தூக்கிட்டுப் போறேன்னவங்க நிறைய பேரு சார். தேர் வந்ததும் அவங்களுக்கு என் ஞாபகம் இருக்காது'ன்னா."

மாடக்கண்ணு அடுத்த கட்டையை எடுத்தான்.

"நாளைக்குக் கூட்டத்துல வாசிக்கிறதுக்குப் புதுசா எழுத உட்கார்ந்தேன், ஐயா. அவளுக்கு விலக்கு எழுதினேன். பிறகு மாசமா இருக்கவங்களுக்கு எழுதினேன். பிறகு மூச்சு வாங்குறவங்க, வயசானவங்க. எத்தனை வயசுன்னு ஒரு பக்கம் போச்சு. மணிக்கு ஆறு கிலோமீட்டர்னு போட்டேன், அடிச்சேன். பத்துன்னு போட்டேன், கோலப்பன் இடுப்பு ஞாபகம் வந்துது. கடைசியில் வேகம்ங்கிற இடத்துல வெறும் கோடு போட்டு விட்டிருக்கேன்."

"இன்னைக்கு வடிவு?"

"இன்னைக்கு உத்தரவு உத்தரவுதான். அவளை மட்டும் விட்டா ஊரு என்னைக் கேட்கும்." பதினாறு பக்கமும் இருந்த கோப்பை அவனிடம் நீட்டினார். "அந்தக் கோட்டுல எவ்வளவுன்னு எழுதட்டும், ஐயா? நீங்க சொல்றதை அப்படியே எழுதிடுறேன்."

மாடக்கண்ணு கோப்பை வாங்கவில்லை. கையில் இருந்த கிரீசைச் சாக்கில் துடைத்தான்.

"எழுதும்போது கை எங்கன இருந்துச்சு?"

"எந்தக் கை?"

"உங்க கைதான்."

"மேசை மேல."

மாடக்கண்ணு எழுந்தான். "செருப்பக் கழத்துங்க. வேட்டிய மடிச்சுக் கட்டுங்க."

காலை ஏழு மணிக்கு வடம் தொட்டார்கள்.

மூவாயிரம் பேர். நாலு வடம். வேட்டுச் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் ஒன்றாக மேலே போயின. ஆவுடையப்பன் முப்பது வருஷமாகத் தேர் பார்க்கிறவர். எல்லாம் மாடியில் நாற்காலி போட்டுத்தான். சக்கரத்துக்கு முன்னால் அவர் குனிந்தது அன்றைக்குத்தான்.

சக்கரம் அவரைவிட அரை ஆள் உயரம் கூட. அதன் இரும்புப் பட்டையில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

முதலில் உச்சியில் மணிகள் அசைந்தன. பிறகு மரம் எல்லாம் சேர்ந்து ஒரு முனகல். பிறகு சக்கரம் நகர்ந்தது. சக்கரமா நகர்ந்தது, நாம்தான் அதை நோக்கி இழுக்கப்படுகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. காலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்கால் வழியாக ஏறி, பல்லில் வந்து நின்றது.

"இழுக்கிறவங்களைப் பாருங்க சார்!" மாடக்கண்ணு பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு கத்தினான். "ஒருத்தராவது நம்மளப் பார்க்காங்களா?"

ஆவுடையப்பன் திரும்பினார்.

மூவாயிரம் முதுகு.

"கட்டையப் பிடிங்க. நான் சொன்னதும் போடணும். போட்டதும் கைய எடுத்துரணும். எடுக்க மறந்தவன் கை இது." நாலு விரலைக் காட்டினான்.

கட்டை கனத்தது. சக்கரம் ஒரு முழத்தில் வந்தது. ஒரு சாணில் வந்தது. எறும்பு ஒன்று அதற்கு முன்னால் ஓடியது. அந்த எறும்பை அவர் சாகிற வரைக்கும் மறக்கவில்லை என்பார்கள்.

"போடுங்க!"

போட்டார்.

"கைய எடுங்க!"

எடுத்தார். சக்கரம் கட்டையின்மேல் லேசாக ஏறி, முக்கி, நின்றது. அத்தனை மரமும், அத்தனை இரும்பும், மூவாயிரம் பேர் பலமும், தேர்மேல் உட்கார்ந்திருந்த சாமியும், ஒரு புளியங்கட்டைக்கு முன்னால் நின்றது.

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அங்கேயிருந்து பார்த்தால் ஊரில் முகமே இல்லை. எல்லாம் காலாக இருந்தது.

"இப்போ கை எங்கன இருந்துச்சு, சார்?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மாடக்கண்ணு கட்டையை உருவிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு ஓடிவிட்டான்.

தேர் மேலவீதி முனைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆவுடையப்பன் முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தார். செருப்பு இல்லை. வேட்டியெல்லாம் கிரீஸ். கக்கத்தில் அந்தக் கோப்பு.

சந்து வாயில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒல்லி வண்டியோடு ஏழெட்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுடலைவடிவு, மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை கட்டி, நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏட்டு தங்கமாரி சல்யூட் அடித்தார். "எட்டு மணியிலிருந்து ஒரு ஈயைக்கூட விடலை சார். உங்க உத்தரவு."

"கயித்தை அவுருங்க."

"அந்தப் பிள்ளைக்கு மட்டுமா சார்?"

"அந்த அக்காவ விட்டா எங்களையும் விடணும்!" கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் கத்தினான்.

"எல்லாருக்கும் அவுருங்க."

"அப்போ உத்தரவு?"

"இப்பதான் எழுதப் போறேன்."

சொல்லிவிட்டு ஈ.ஓ. நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோப்பை மடியில் வைத்தார். இடது கையை நீட்டி, உள்ளங்கையைத் தார்மேல் விரித்து வைத்தார்.

ஏட்டு பதறினார். "சார், வேட்டி... சார், ஊரு பார்க்குது."

"பார்க்கட்டும்." கறுப்புக் கண்ணாடிக்காரனைப் பார்த்தார். "நீ வா, தம்பி. எவ்வளவு வேகத்துல வேணும்னாலும் வா. கைக்குப் பக்கத்துலதான் போகணும்."

"கையை எடுங்க சார்."

"கை இங்கேதான் இருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே கிளம்பினான். பாதி வழியில் சிரிப்பு நின்றது. பத்தடி இருக்கும்போது வண்டியும் நின்றது. இறங்கினான், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டினான், தூங்குகிற பிள்ளையை எடுத்துப் போவதுபோல வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தக் கையைத் தாண்டினான்.

அடுத்தவன் ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தான். அவனுக்கு அடுத்தவளும் அப்படியே. யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் முந்தவில்லை.

கடைசியாகச் சுடலைவடிவு. கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தரையிலிருந்து பார்த்தா எப்படி இருக்கு சார்?"

அவர் அண்ணாந்து அவளைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் நான் அங்கேதான் இருந்தேன்" என்றாள்.

நாற்காலியை நகர்த்தினாள். டயரில் ஒவ்வொரு வரியையும் அவரால் எண்ண முடிந்தது. ஒரு முழத்தில் வந்தது. ஒரு சாணில் வந்தது. அவர் சுண்டுவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்று, மெல்லத் திரும்பி, தாண்டிப் போனது.

அப்போது தேர் முனை திரும்பியது.

முதலில் தெரிந்தது குடைதான். பிறகு வாழைமரம், பிறகு தோரணம், பிறகு தேர் முழுசும். சூரியன் அதற்குப் பின்னால் போனான், வீதி பாதி நிழலாகிவிட்டது. கீழே, சக்கரத்தடியில், மாடக்கண்ணு குனிந்திருந்தான்.

சுடலைவடிவு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். பிடியிலிருந்து கையை எடுத்ததும் நாற்காலி தானாக நின்றுகொண்டது.

"இவ்வளவு பெரிசா!" என்றாள். "இவ்வளவு பெரிசுன்னு யாருமே சொல்லலையே!"

ஆவுடையப்பன் உள்ளங்கையில் தார் அதிர்ந்தது. பதினாறு பக்கத்தையும் எடுத்துத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டார். கோப்பில் ஒரு வெள்ளைத்தாள் மிச்சம் இருந்தது.

இடது கையை ரோட்டிலிருந்து எடுக்காமல், வலது கையால் எழுத ஆரம்பித்தார்.