ஊசி வளைத்த பிஸ்கட்

மேலப்புழுதியூர் காலைநடைச் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். விடிந்ததும் டீக்கடைவரை நடப்பார்கள். வெண்ணெய் பிஸ்கட்டை டீயில் நனைத்து வயிறு நிறையத் தின்பார்கள். நடந்த களைப்புக்கு ஆட்டோவில் திரும்புவார்கள். உடம்பை இவ்வளவு கவனித்தும் உறுப்பினர் புண்ணியகோடிக்குச் சர்க்கரை ஏறிவிட்டதில் சங்கத்துக்கே வருத்தம்.

டாக்டர் கனகவல்லி கறாராகச் சொல்லிவிட்டார். "கடை பிஸ்கட்டைத் தொடக் கூடாது. வீட்டில செஞ்சு காலையில சாப்பிடுங்க. கேழ்வரகு மாவு, சர்க்கரைக்குப் பதிலா பேரீச்சம்பழம். ஊசியால குத்திப் பார்த்து, ஒட்டாம வந்தா வெந்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்த மாசமும் இறங்கலைன்னா உங்களுக்குத் தினம் ஊசிதான்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் புண்ணியகோடி நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். பேரனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று, குழந்தை சிரித்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்தவர் அவர்.

மறுநாள் காலை தலைவர் மாசிலாமணி வீட்டில் சங்கம் கூடியது. மூன்றாவது ஆளான சம்பந்தம் மாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார்.

"சர்க்கரை எங்கய்யா?" என்றார் மாசிலாமணி.

"அதுதான் வேண்டாமே!"

"சர்க்கரைக்குப் பதிலான்னுதானே டாக்டர் சொன்னாங்க? சர்க்கரையே இல்லாத மாவுல, பேரீச்சம்பழத்தை எதுக்குப் பதிலா போடுவே?"

சம்பந்தம் கடைக்கு ஓடினார். சர்க்கரை வந்தது. மாவில் கொட்டிக் கலந்தார்கள். பிறகு, பதில் பொருளுக்கு இடம் வேண்டுமே என்று அதை எடுக்க உட்கார்ந்தார்கள். முடிந்தவரை சல்லடையில் சலித்தார்கள். மாவோடு இறங்கிவிட்ட பொடியைச் சம்பந்தம் விரலால் ஒற்றி ஒற்றி நாக்கில் வைத்து அப்புறப்படுத்தினார். தன் உயிர்ப் பிரச்சினையாயிற்றே என்று புண்ணியகோடி அவரைவிட வேகமாக அப்புறப்படுத்தினார்.

பேரீச்சம்பழத்தைப் பிசைந்து, வட்டம் வட்டமாகத் தட்டி, மின்சார அடுப்புக்குள் தட்டை வைக்கும் நேரத்தில் புண்ணியகோடி கையை நீட்டித் தடுத்தார்.

"தலைவரே, இது உங்க வீடு. உங்களுக்கு இது வீட்டில செஞ்சது. எனக்கு?"

மாசிலாமணி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் இருண்டது.

"உனக்கு இது வெளிச்சாப்பாடுதான். நல்லவேளை, சொன்னே."

"எனக்கும்தான்," என்றார் சம்பந்தம்.

ஒரே சங்கத்தில் ஒருவருக்கு வீட்டுப் பிஸ்கட், மற்றவருக்கு வெளிப் பிஸ்கட் என்ற பாகுபாடு கூடாது என்று தீர்மானமாயிற்று. ஒரே தட்டு, மூன்று வீட்டிலும் ஒவ்வொரு மணி நேரம் வேக வேண்டும். முதல் மணி முடிந்து தெருவில் இறங்கியதும் சம்பந்தம் அலறினார்.

"சூடா இருக்கே! தெருவிலயும் வெந்துக்கிட்டே வருமே! தெருவில செஞ்சதாயிடுமே!"

மூவரும் தட்டை ஊதிக்கொண்டே ஓடினார்கள். சங்கம் தொடங்கிய நாள்முதல் அவர்களுக்கு வியர்த்தது அன்றுதான்.

கடைசியாகப் புண்ணியகோடி வீடு. அவர் மனைவி சௌந்தரம் தட்டை எட்டிப் பார்த்தாள். "வறட்டியை எதுக்கு அடுப்புல வைக்கிறீங்க?"

"உனக்கு உடம்பைப் பத்தி என்னடி தெரியும்? ஊசியைக் கொண்டா."

கோணி ஊசி வந்தது. மாசிலாமணி குத்தினார். இறங்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினார். ஊசி மெல்ல வளைந்து கொக்கியாயிற்று. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம்கூட ஒட்டலை. பதமா வெந்திருக்கு."

புண்ணியகோடி அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஓர் ஊசி தோற்றதை அவர் பார்ப்பது இதுவே முதல் முறை. பிஸ்கட்டைக் குழவியால் உடைத்து, மாத்திரை மாதிரித் தண்ணீர் விட்டு விழுங்கினார். மாதம் முழுவதும் தினமும் சர்க்கரையைக் கொட்டினார்கள், எடுத்தார்கள், சுட்டார்கள், ஓடினார்கள், உடைத்தார்கள்.

மாதக் கடைசியில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா, இரண்டு மடங்கா ஏறியிருக்கு! இனி ஊசிதான்."

மயங்கினால் தாங்கிக்கொள்ளச் சம்பந்தம் பின்னால் போய் நின்றார். புண்ணியகோடி அசையவில்லை.

"எங்க போடுவீங்க டாக்டர்?"

"வயித்துல."

புண்ணியகோடியின் முகம் மலர்ந்தது. தானே சட்டையைத் தூக்கினார். "தாராளமாப் போடுங்க. உள்ள ஒரு மாசத்துப் பிஸ்கட் இருக்கு. ஊசிக்கு ஏதாவது ஆனா எங்களைக் கேக்கக் கூடாது."

டாக்டர் பஞ்சால் துடைத்தார். மெல்லிய ஊசி. கண் சிமிட்டும் நேரம்.

"ஆச்சு. சட்டையை இறக்குங்க. நாளைக்கும் வாங்க."

"ஆச்சா? எனக்கு ஒண்ணுமே தெரியலையே!" புண்ணியகோடி வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நண்பர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? உள்ளயே போகலை!"

சம்பந்தம் அவரைக் கட்டிக்கொண்டார். மாசிலாமணிக்கு மட்டும் டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதவருகே நின்று ஆறுதலாகச் சொன்னார்:

"மனசை விட்டுடாதீங்கம்மா. நாளைக்குக் கடப்பாரை ஏதாவது கொண்டுவந்து முயற்சி பண்ணலாம்."