ரோஜாவுக்குப் போட்ட உரம்

தேசியப் பூங்காவை ஒட்டி விடுதி கட்டினார் தனசிங்கம். காட்டைக் காப்பாற்றத்தான் கட்டினாராம். யானை போகிற பாதையை மறித்து மின்வேலி போட்டதும் அதற்காகத்தானாம்.

வனக் காவலர் காளன் புகார் கொடுத்தார். விசாரிக்க அதிகாரி வருவதற்குள், தனசிங்கம் யானைக் கால்தடங்களைப் பொக்லைன் இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்.

"பத்து வருஷமா இந்தப் பக்கம் யானையே வரலை சார்," என்றார் வந்த அதிகாரியிடம். " இவன் கதை கட்டுறான். இப்பவே அத்தாட்சி காட்டட்டும். இல்லேன்னா வேலையை விட்டுத் தூக்குங்க."

அதிகாரி தலையாட்டினார். விடுதிக் காபி அவ்வளவு ருசி.

காளன் சுற்றிலும் பார்த்தார். "அத்தாட்சிக்கு எங்கே போவேன் முதலாளி? அது கிடக்கட்டும். உங்க ரோஜா ஒவ்வொண்ணும் தாமரை மாதிரி இருக்குதே, என்ன உரம் போடுறீங்க?"

புகழ்ச்சி காதில் விழுந்தால் தனசிங்கத்துக்கு மூளை வேலை செய்யாது. "கடை உரத்தைத் தொடமாட்டேன். எல்லாம் யானை லத்தி! தினம் காலையில வேலியோரமா ஆவி பறக்கக் கிடக்கும். தோட்டக்காரன் கூடையில அள்ளிட்டு வந்துடுவான்."

அதிகாரி காபியைக் கீழே வைத்தார். "வேலியை இன்னைக்கே பிரிங்க."

தனசிங்கம் ரோஜாத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க முதலாளி," என்றார் காளன். "இனிமே கூடை எதுக்கு? அதுங்களே நேரா செடிக்கு வந்து போட்டுட்டுப் போகும்."